பணம் எந்த வாசல் வழியாக வர வேண்டும்? பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் ஆய்வுக்கு நான்கு நிதிவழிகள்

எங்கள் மருத்துவமனையின் ஆய்வுக் குழு இந்த மாதக் கடைசிக்குள் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் பெண்களின் நுரையீரல் திறனை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அவரவர் ஊரிலேயே சிகிச்சையைத் தொடர முடியுமா என்று பார்க்கும் ஆய்வு அது. ஆய்வின் வடிவத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எவருடைய பணத்தைக் கொண்டு அதைச் செய்வது என்பதில்தான் மூன்று கூட்டங்கள் நடந்தும் முடிவு எட்டவில்லை. குழுவின் முன் வைப்பதற்காக நான் எழுதிய ஒப்பீட்டையே, இதே போன்ற முடிவை எதிர்நோக்கும் மற்ற சிறிய மருத்துவமனைகளுக்கும் பயன்படட்டும் என்று சற்று விரித்து இங்கே தருகிறேன்.

எத்தனை லட்சம் கிடைக்கும் என்பதையே கூட்டங்களில் முதலில் பேசுகிறோம். ஆனால் ஒரு நிதியின் விதிகள் தொகையை மட்டும் தீர்மானிப்பதில்லை. பணம் யார் கணக்கில் இறங்கலாம், அங்கிருந்து யாருக்குப் போகலாம், எந்தத் தேதிக்குள் செலவாக வேண்டும் என்று விதி சொல்லும்போது, களப்பணியாளர் யாருடைய ஊழியர், பதிவேடு யார் அலமாரியில் இருக்கும், ஆய்வு முடிந்த மறுநாள் மூச்சிரைப்போடு வரும் பெண்ணுக்கு யார் பொறுப்பு என்பதையும் அதே விதி சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது. நான்கு வழிகளையும் இந்தக் கடைசிக் கேள்வியை வைத்தே எடை போட வேண்டும் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டு முன்னோட்டமாகச் சிலரிடம், நுரையீரல் திறனை அளக்கும் கருவியான ஸ்பைரோமீட்டரைக் கொடுத்து ஊதச் சொன்னோம். ஓர் அம்மா முறத்தை மடியிலிருந்து இறக்காமலே அமர்ந்திருந்தார். நகக்கண்களில் தூள் படிந்திருந்தது. குழாயை வாங்குமுன் சேலைத் தலைப்பில் இரு கைகளையும் அழுத்தித் துடைத்துக்கொண்டார். குறைந்தது மூன்று முறை சரியாக ஊதினால்தான் அளவு செல்லும். இரண்டாவது முறையிலேயே இருமல் வந்துவிட்டது. “ஊதச் சொல்லுதிய, ஊதிட்டேன், கடைக்குப் பீடி கொண்டு போணும், சீக்கிரம் விடுங்கம்மா” என்றார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அவர். ஒரு நாள் பாளையங்கோட்டைக்கு வந்து திரும்பினால் அன்றைய கூலி போய்விடும். பஸ் செலவு தனி. ஆய்வில் பங்கேற்பவரின் பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017ஆம் ஆண்டு நெறிமுறை வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. அந்தப் பணத்தை நடைமுறையில் அவர் கையில் சேர்ப்பதற்கு எந்த நிதியின் கணக்குமுறை இடம் கொடுக்கும் என்பது வழிக்கு வழி மாறுகிறது.

முதல் வழி, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். போன்ற வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெறுவது. எங்களோடு இணைய விரும்பும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத் துறை அதைத்தான் பரிந்துரைக்கிறது. அந்தப் பரிந்துரையை ஒதுக்கிவிட முடியாதபடி நம் பகுதியிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. அறுவடைக் காலத்தில் நெல் தாளோ உமியோ கண்ணில் பட்டு, தானாகச் சரியாகிவிடும் என்று சில நாள் விட்டுவைத்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு வரும் விவசாயத் தொழிலாளர்களைத் தாமிரபரணிக் கரை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட கருவிழிப் புண்களில் பாக்டீரியாவால் வருவதற்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சேர்ப்பதால் பயன் உண்டா என்று அறிய, என்.ஐ.எச்.சின் அங்கமான தேசியக் கண் நிறுவனத்தின் நிதியில், சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மதுரை, கோயம்புத்தூர், திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனைகளிலேயே பெரும்பாலோரைச் சேர்த்து, 500 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. மூன்று மாத முடிவில் பார்வையில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு இல்லை என்று 2012இல் அதன் முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, பூஞ்சையால் வரும் புண்ணுக்குப் புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே மேல் என்று காட்டியது. வயல் வேலை செய்கிறவரின் கண்ணில் எந்த மருந்தை ஊற்றுவது என்பதை மாற்றிய ஆய்வுகள் இவை. வெளிநாட்டுப் பணம் என்றாலே ஏழை நோயாளியைச் சோதனைப் பொருளாக்கும் பணம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

இன்னும் பின்னால் போனால், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இருக்கிறது. ஐ.சி.எம்.ஆர்., அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு, நெருக்கடியான வீட்டில் குறைவான உணவோடு மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கை ஓய்வோடு இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவே குணமடைந்தார்கள் என்பதை 1959இல் நிறுவியது. அதன்பின் உலகெங்கும் காசநோயாளி வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி பிறந்தது.

ஆனால் அந்த ஆய்வுகளுக்குக் கதவு திறந்த விதிகள் இன்று அப்படியே இல்லை. முன்பெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகம் மானியத்தை வாங்கி, அதில் ஒரு பகுதியைத் துணை மானியமாக இங்குள்ள மருத்துவமனைக்கு அனுப்பும். கணக்கு, அறிக்கை ஆகியவற்றின் பெரும்பாரத்தை அங்குள்ள அலுவலகமே சுமந்தது. 2025 மே 1ஆம் தேதி, வெளிநாட்டுத் துணை மானியம் அடங்கிய திட்டங்களுக்குப் புதிய கட்டமைப்பு தயாராகும்வரை மானியம் வழங்குவதில்லை என்று என்.ஐ.எச். அறிவித்தது. வெளிநாட்டு நிறுவனம் முதன்மை மானியத்தோடு இணைந்த தனி மானியத்தை என்.ஐ.எச்.சிடமிருந்து நேரடியாகவே பெற வேண்டும் என்பதே அந்தப் புதிய கட்டமைப்பு. யாருக்கு எவ்வளவு போகிறது என்பது தெரிய வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை; எங்கள் பெயரில் மானியம் வருவது மரியாதைக்குரியதும்கூட. ஆனால் அமெரிக்க அரசின் பதிவுத் தளங்களில் பதிந்து, அந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பித்து, அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் அங்கே உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போவதை உறுதி செய்வதற்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மறைமுகச் செலவாக, அதாவது அலுவலக நிர்வாகத்துக்காகக் கிடைப்பதோ 8 சதவீதம். அதில் அந்த ஆளின் சம்பளத்தை அடக்க முடியாது. குறைவது மருத்துவமனையின் பொதுப்பணத்திலிருந்து, அதாவது வேறொரு நோயாளியின் படுக்கைச் செலவிலிருந்துதான் போகும்.

நம் நாட்டு விதிகளும் உடன் நிற்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவு வேண்டும், புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகத்துக்குச் செலவிடக்கூடிய வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மருத்துவமனையில் சிகிச்சை தரும் மருத்துவரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. கணக்கரின் சம்பளம் சேரும். இவற்றோடு, வெளிநாட்டு உதவியோ கூட்டுறவோ உள்ள எந்த மருத்துவ ஆய்வும் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஐ.சி.எம்.ஆர். வழியாக நடக்கும் இந்தப் பரிசீலனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்படி ஆகலாம் என்பதைத் திட்ட அட்டவணையிலேயே எழுதிவைப்பது நல்லது.

தரவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் என்.ஐ.எச். தன் மானியம் பெறுவோரிடம் தரவைப் பகிர்வதற்கான திட்டத்தைக் கேட்கிறது. அறிவியலுக்கு அது நல்லது. ஆனால் ஒரு சிற்றூரில் வயது, தொழில், தெரு, மூச்சிரைப்பு என்ற நான்கையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பெண் யாரென்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். பெயரை நீக்கிவிட்டோம் என்பது நகரத்துக்குப் போதுமான காப்பு. எங்கள் ஊர்களுக்குப் போதாது. ஒப்புதல் படிவத்தில் தரவு எங்கே போகும் என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டியிருக்கும். எழுதினால் சிலர் மறுக்கலாம், மறுப்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு.

இரண்டாம் வழி, வெளிநாட்டு நிதி பெறும் ஒரு பெரிய இந்திய நிறுவனத்தின் கீழ் நாங்கள் ஒரு களமாக மட்டும் சேர்வது. கேட்பதற்கு எல்லாவற்றிலும் எளிதானது இதுவே, அதனாலேயே குழுவில் பாதிப் பேர் இதன் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். நான் மிகவும் அஞ்சும் வழியும் இதுதான். 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அதே எஃப்.சி.ஆர்.ஏ. திருத்தம், வெளிநாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை வேறெந்த அமைப்புக்கும் மாற்றக் கூடாது என்கிறது. பெறுகிற அமைப்புக்கும் பதிவு இருந்தாலும் தடைதான். ஆகவே பெரிய நிறுவனம் எங்களுக்குப் பணம் தர இயலாது. அது என்ன செய்யும்? களப்பணியாளரைத் தன் சம்பளப் பட்டியலில் நியமித்து எங்கள் ஊருக்கு அனுப்பும். கருவியைத் தன் பெயரில் வாங்கி எங்கள் அறையில் வைக்கும். பஸ் காசைத் தானே வழங்கும். சட்டப்படி இது சரியே. ஆனால் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்குள் இரண்டு நிர்வாகங்கள் வந்துவிடும். ஆலங்குளத்துப் பெண்ணுக்கு ஊசிமருந்து போட்ட செவிலியர் எங்களவர், அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர் இன்னொருவருடைய ஊழியர். திட்டம் முடிந்த அன்று அவர் கைப்பேசியோடும் பதிவுகளோடும் கிளம்பிவிடுவார். சேவைக் கட்டணமாகப் பெற்றுக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை சொல்லப்பட்டது. ஆய்வுப் பங்காளியாகச் செய்வதைச் சாதாரணத் தொழில் கட்டணம் என்று எழுதுவது பிற்காலத் தணிக்கையில் எப்படிப் பார்க்கப்படும் என்பதை நம் தணிக்கையாளரிடம் எழுத்தில் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இந்த அச்சம் அனுபவத்தால் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை நோயாளிகளின் கால் புண் பற்றிய ஓர் ஆய்வில் நாங்கள் இப்படிக் களமாக இருந்தோம். பணம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே வேண்டாம். இரண்டாம் ஆண்டுத் தவணை பல மாதங்கள் தாமதமானபோது களப்பணியாளர்கள் இருவரும் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைப் பிடித்துவைக்க எங்களிடம் அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை. களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தார். ஆய்வில் கொடுத்திருந்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது சர்க்கரை நோயாளியின் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு தேய்ந்து, வலது குதிகாலில் அடிப்பாகம் காகிதம் போல் ஆனபின் அதைக் கையில் எடுத்துக்கொண்டே வந்தார். அவருக்கு மாற்றுச் செருப்பு தர வேண்டிய பட்டியல் எங்களிடம் இல்லை. நாங்கள் எங்கள் பணத்தில் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்கள் யார் யார், எந்த ஊர் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

சொந்தப் பணத்திலும் உள்ளூர்க் கொடையிலும் செய்வது இன்னொரு வழி. நிறுவனங்களின் லாபத்தில் சமூகப் பொறுப்பு நிதி இரண்டு சதவீதம் இருக்கிறதே என்று சொல்கிறார்கள். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஆராய்ச்சிக்கான இனம் பெரும்பாலும் அரசு நிதியில் நடக்கும் பல்கலைக்கழகங்களையும் தேசிய ஆய்வகங்களையும் நோக்கியே எழுதப்பட்டிருக்கிறது. எங்களைப் போன்ற அறக்கட்டளை மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகத் தரலாம், இரண்டாண்டு ஆய்வுக்குத் தருவார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. முன்னோட்டத்துக்கு இது போதும், அதற்குமேல் போதாது.

எஞ்சியிருப்பது ஐ.சி.எம்.ஆர். அல்லது மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் நிதியை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து கேட்பது. அரசு சாரா நிறுவனம் தனியே விண்ணப்பித்தால் மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் (டி.எஸ்.ஐ.ஆர்.) அங்கீகாரச் சான்று கேட்பார்கள்; எங்களிடம் அது இல்லை. முதன்மை ஆய்வாளர் ஐகிரவுண்டில் உள்ள அந்தக் கல்லூரியில் இருந்தால் அந்தத் தடை நீங்கும். திருநெல்வேலி மாவட்டத்தின் கல்லூர் என்ற ஊரில் மாதிரி கிராமப்புறச் சுகாதார ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மட்டத்தில் ஆய்வைக் கொண்டுவந்து, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியோடும் ஓர் ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தோடும் இணைப்பதே அந்தத் திட்டத்தின் நோக்கம். நாங்கள் செய்ய நினைப்பதும் அதையே. கருவியையும் ஆளையும் முக்கூடலுக்குக் கொண்டுபோகும் ஆய்வுக்கு இதைவிட அருகில் ஒரு துணை கிடைக்காது.

இவ்வழியில் நடந்த ஆய்வு நோயாளியைப் போய்ச் சேரும் என்பதற்கும் சான்று உண்டு. காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, உடல் எடைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவரைக் கண்டறிந்து உடனே மருத்துவமனையில் சேர்க்கும் முறையைச் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து கொண்டுவந்தன. ஆய்வு செய்தவரும் மருந்து கொடுப்பவரும் ஒரே அமைப்புக்குள் இருந்ததால், திட்டம் முடிந்தபின் ஒப்படைப்பது என்ற பேச்சே அங்கே எழவில்லை. ஜார்க்கண்டில் ஐ.சி.எம்.ஆர். நிதியில் நடந்த ஊட்டச்சத்து ஆய்வு, காசநோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் உணவு தந்தால் அவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று 2023இல் காட்டியதும் இந்நாட்டுப் பணத்தில் இந்நாட்டுக் கேள்வியைக் கேட்டதால் கிடைத்த பயன்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. மார்ச் 31 நெருங்கும்போது செலவழியாத பணம் திரும்பிப் போய்விடும் என்ற பதற்றத்தில், தேவையான நாளில் இல்லாமல் விதி அனுமதிக்கும் நாளில் பொருள் வாங்க நேரிடும். 2025 ஜூனில் ஆராய்ச்சிக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தி, விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஸ்பைரோமீட்டர் வாங்க இது உதவும். பங்கேற்பாளருக்கு ஈட்டுத்தொகையை வங்கி வழியாகத்தான் தர முடியும் என்றால், தன் பெயரில் உயிருள்ள கணக்கு இல்லாத பெண்ணுக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, முதன்மை ஆய்வாளரான பேராசிரியருக்கு இடமாற்றம் வருவது. அவர் மாறினால் நிதி தரும் நிறுவனத்தின் அனுமதியோடு புதியவரை நியமிக்க வேண்டும். ஆகவே தொடக்கத்திலேயே இணை ஆய்வாளர்கள் இருவரை, ஒருவர் கல்லூரியிலிருந்தும் ஒருவர் எங்களிடமிருந்தும், விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும்.

வெளிநாட்டுத் துறையை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. அவர்களை விட்டுவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஸ்பைரோமீட்டரில் ஊதி எடுத்த அளவுகள் தரமானவைதானா என்று சரிபார்ப்பதிலும் புள்ளியியலிலும் அவர்களுக்கு உள்ள தேர்ச்சி எங்களிடம் இல்லை. பணம் கைமாறாமல் அறிவுத் துணையாக மட்டும் அவர்கள் இருக்கலாம். பணம் வராவிட்டாலும் வெளிநாட்டுக் கூட்டுறவு என்பதால் பரிசீலனைக் குழுவுக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் இரத்த மாதிரி எதையும் எடுக்காமல், எடுத்தாலும் நாட்டைவிட்டு அனுப்பாமல், ஊர்ப் பெயரும் தெருவும் நீங்கிய அளவுகளை மட்டும் பகிர்ந்தால் கேள்விகள் குறையும், நோயாளியின் அந்தரங்கமும் காக்கப்படும். இரத்தத்தில் நிக்கோட்டின் அளவைப் பார்த்தால் கட்டுரை இன்னும் நல்ல இதழில் வரும் என்று அவர்கள் சொல்வது உண்மையே. அது அடுத்த ஆய்வுக்கு இருக்கட்டும்.

ஆகவே குழுவுக்கு என் பரிந்துரை, மருத்துவக் கல்லூரி தலைமையில் ஐ.சி.எம்.ஆர். நிதி, பணமில்லாப் பங்காளியாக வெளிநாட்டுத் துறை என்பதே. இதற்கு இரண்டு நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும். முதலாவது, பதிவேட்டின் ஒரு பிரதி முதல் நாளிலிருந்தே எங்களிடமும் அந்தந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டும். அடுத்தது, மூச்சிரைப்புக்கான இன்ஹேலர் திட்டப் பணத்தில் வாங்கப்படாமல் முதல் மாதத்திலிருந்தே சுகாதார நிலைய மருந்தகத்தின் தேவைப்பட்டியலில் சேர்ந்து வர வேண்டும். திட்டப் பணத்தில் வாங்கினால் விரைவில் கிடைக்கும். ஆனால் இருபத்தைந்தாம் மாதம் அது நின்றுவிடும். முதல் சில மாதம் தட்டுப்பாடு வரலாம் என்று எங்கள் மருந்தாளுநர் எச்சரித்தார், அந்த இடைவெளிக்கு மட்டும் மருத்துவமனை இருப்பிலிருந்து தருவதற்கு அறக்கட்டளை ஒப்புக்கொண்டிருக்கிறது.

அளவெடுக்கும் நாளை எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் வைத்தால் பீடிக் கடைக்குப் போகும் நேரத்தோடு இடிக்காது என்று முக்கூடல் பெண்களிடமே கேட்டுவரச் சொல்லிக் களப்பணியாளரை அனுப்பியிருக்கிறோம். அவர் கொண்டுவரும் பதிலைப் பார்த்தபின்பே வரவு செலவுத் திட்டத்தில் கூலி ஈட்டுக்கான வரியை எழுத முடியும். மற்ற வரிகளெல்லாம் எழுதியாகிவிட்டன.